வெளிச்சவீட்டடியில் ஒரு பின்னேரம்



காலிக் கோட்டைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பாடசாலைச் சுற்றுலாவிலோ, கலியாண வீடொன்றுக்குப் போகும் வழியிலோ, பெருநாள் லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டோ ஒரு தடவையேனும் அந்த மதிலில் ஏறியிருப்பீர்கள். வெள்ளை நிற வெளிச்சவீட்டுக்கு முன்னால் நின்று படமும் எடுத்திருப்பீர்கள். எதிரே இருக்கும் ஜும்ஆப் பள்ளியைப் பார்த்து, "இது பள்ளியா, சேர்ச்சா?" என்று உங்கள் பிள்ளைகளில் ஒன்று கேட்டிருக்கும். பிறகு நேரமாகிவிட்டது என்று வேனில் ஏறியிருப்பீர்கள்.

நான் அந்த வெளிச்சவீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவள். இருந்தும் அதை நான் சரியாகப் பார்த்தது என்னுடைய ஐம்பத்தோராவது வயதில்தான். அந்த ஒரு பின்னேரத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இது வெளிச்சவீட்டின் கதை. கொஞ்சம் என் உம்மாவின் கதை. அதைவிட அதிகமாக என்னுடைய பிழையின் கதை.

எங்கள் கோட்டை வீடு உம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்தது. முன்பக்கம் ஒடுக்கம், உள்ளே போகப் போக நீளம். தெருவோடு ஒட்டிய இஸ்தோப்பு, நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னால் கிணறும் குசினியும். கடற்காற்றில் ஆணி துருப்பிடித்துவிடும். ஒவ்வொரு மழைக் காலத்துக்கும் ஓடு மாற்ற வேண்டும். அந்த வீட்டில்தான் நானாவும் நானும் தங்கச்சியும் பிறந்து வளர்ந்தோம். நான் கலியாணம் முடித்து மாவனல்லைக்குப் போனேன். நானா தெஹிவளையில் குடியேறினார். தங்கச்சி கணவரோடு தோஹாவில் இருக்கிறாள்.

2017ஆம் ஆண்டு வாப்பா மௌத்தானார். உம்மாவைத் தனியே விட ஏலாது என்று நானா அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். கோட்டை வீடு பூட்டிக் கிடந்தது.

கோட்டைக்குள் இப்போது வீட்டு விலை என்னவென்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1988ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு மெல்ல மெல்ல வெளியூராரும் வெளிநாட்டாரும் வீடுகளை வாங்கத் தொடங்கினார்கள். சிறுமியாக இருந்தபோது நான் கதவைத் தட்டாமலே நுழைந்த வீடுகள் பல இன்று ஹோட்டல். எங்கள் வீட்டுக்கும் 2023ஆம் ஆண்டு ஆள் வந்தது.

மறைக்காமல் சொல்கிறேன், விற்க வேண்டும் என்று அதிகம் அவசரப்பட்டது நான்தான். என் கணவருக்கு ஹார்ட்வெயார் கடை. 2022ஆம் ஆண்டு நாட்டுக்கு வந்த நெருக்கடியில் சீமெந்து, இரும்புச் சாமான்களின் விலை ஏற, வீடு கட்டுவோர் வேலையை நிறுத்த, கடையில் கடன் குவிந்துவிட்டது. இரவில் தூக்கமில்லை. இந்த வீடு விற்றால் கடன் தீரும் என்ற ஒரே நினைவில் இருந்தேன். நானாவுக்குப் பிள்ளையின் படிப்புச் செலவு, தங்கச்சிக்குக் காணி வாங்கும் ஆசை. மூவரும் வட்ஸ்அப்பில் கதைத்தோம். நானாவுக்கு இரண்டு பங்கு, எங்களுக்கு ஒவ்வொரு பங்கு என்று கணக்கும் போட்டுவிட்டோம். கடைசியில் உம்மாவிடம் சொன்னோம்.

"உங்கட விருப்பம்" என்றார் உம்மா.

அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம். முற்பணமும் வாங்கியாகிவிட்டது. என் பங்கு கடைக் கடனுக்குப் போய்விட்டது.

2024ஆம் ஆண்டு ஜனவரியில், உறுதியில் கையெழுத்து வைப்பதற்கு முதல் நாள், நானும் என் பதினேழு வயது மகளும் உம்மாவைக் கூட்டிக்கொண்டு தெஹிவளையிலிருந்து புகையிரதத்தில் காலிக்குப் போனோம். மறுநாள் காலை பத்து மணிக்கு நொத்தாரிசுவிடம் போக வேண்டும். நானா காரில் வருவதாக இருந்தார். உம்மா வழி நெடுகக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது, அழாமல் வருகிறாரே என்று.

வீட்டைத் திறந்து கூட்டி, அஸர் தொழுது, பிளேன்டி குடித்த பிறகு உம்மா கேட்டார்.

"மகள், மதில்ல ஒரு நடை போவமா?"

"உம்மா, உங்களுக்குக் கால் நோவுமே. நாளைக்கு எல்லாம் முடிச்சிட்டு நானாட கார்ல வெளிச்சவீட்டடிக்குப் போவம்."

"கார்ல இல்ல மகள். மணிக்கூட்டுக் கோபுரத்தில இருந்து வெளிச்சவீடு வரைக்கும் நடந்து போகணும். நான் ஒருநாளும் முழுசா நடந்ததில்ல."

நான் சிரித்துவிட்டேன். எழுபத்திரண்டு வருடம் கோட்டைக்குள் வாழ்ந்தவர் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் உம்மா சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எனக்கே ஞாபகம் வந்தது. பெருநாள் பின்னேரங்களில் எங்களை மதிலுக்குக் கூட்டிப் போவார். வெளிச்சவீட்டடியில் பாயை விரித்து, பலகாரக் கூடையோடு உட்கார்ந்துவிடுவார். நாங்கள் கொடிப்பாறைக்கும் அதற்கு அப்பாலும் ஓடுவோம். வாப்பாவும் தன் கூட்டாளிமாரோடு நடந்துவிட்டு வருவார். உம்மா கூடைக்கும் செருப்புகளுக்கும் காவல். நாங்கள் வந்ததும் கைகழுவத் தண்ணீர் ஊற்றுவார். மஃரிபுக்கு முன் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டும் என்று அவசரப்படுவார். கோட்டைச் சுவரைப் பார்ப்பதற்கு உலகத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அதற்குள்ளேயே குடியிருந்த ஒரு பெண்ணுக்கு அதைச் சுற்றி நடக்க நேரம் கிடைக்கவில்லை.

முச்சக்கர வண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்குப் போனோம். 1883ஆம் ஆண்டு கட்டிய கோபுரம் அது. அதற்குக் கீழே ஒல்லாந்தர் காலத்துக் கொத்தளங்கள் மூன்று. சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று அவற்றுக்குப் பெயர். போர்த்துக்கேயரிடமிருந்து 1640ஆம் ஆண்டு காலியைப் பிடித்த ஒல்லாந்தர், தரைப்பக்கமிருந்து வரும் எதிரிக்குப் பயந்து இந்தப் பக்கத்தைத்தான் அதிகம் பலப்படுத்தினார்கள்.

"மூணும் எங்கட ஊர்லேயே. நான் ஒண்டையும் பார்க்க இல்ல" என்று உம்மா சிரித்தார்.

அங்கிருந்து பார்த்தால் கிரிக்கெட் மைதானமும், அதற்கப்பால் பஸ் நிலையமும் தெரியும். உம்மா ஒரு கையால் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தப் பக்கம் காட்டினார்.

"அந்த நாயித்துக் கிழமை அங்க பஸ்ஸெல்லாம் மிதந்தது மகள்."

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. சுனாமி வந்த அன்று வாப்பாவும் உம்மாவும் கோட்டை வீட்டில் இருந்தார்கள். வெளியே நகரம் அழிந்தபோது, சில நூறு ஆண்டுகளுக்கு முன் பீரங்கிக்குப் பயந்து கட்டிய மதில் கடலைத் தடுத்து நின்றது. கோட்டைக்குள் இருந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின. அன்று எங்கள் வீட்டுக்கு எத்தனை பேர் ஓடி வந்தார்கள் என்று உம்மாவுக்குக் கணக்குத் தெரியாது. சிங்கள ஆட்கள், எங்கள் ஆட்கள், ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. பெருநாள் சட்டி இரண்டையும் இறக்கிச் சோறாக்கினாராம். நனைந்து வந்த பெண்களுக்குத் தன் அலமாரியைத் திறந்துவிட்டாராம்.

"அன்டைக்குத்தான் இந்த வீடு எதுக்கு எண்டு எனக்கு விளங்கினது" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

நட்சத்திரக் கொத்தளத்தைத் தாண்டியதும் தெற்கே திரும்பினோம். வலப்பக்கம் முழுக்கக் கடல். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை எங்கள் பக்கத்துக் கடல் பெண்பிள்ளை போல அமைதியாக இருக்கும். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்றுத் தொடங்கினால் அதே கடல் மதிலில் அறையும். கீழே பவளப் பாறைகள் தண்ணீருக்குள் பச்சையாகவும் தவிட்டு நிறமாகவும் தெரிந்தன. புல் வெட்டிய மதில் அகலமாக இருந்தது. பட்டம் விடும் பிள்ளைகள், குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காதலர்கள், அரபுக் கல்லூரி மாணவர்கள் சிலர், கரம் பிடித்து நடக்கும் வயோதிபர்கள். உம்மா இருபது அடி நடப்பார், நிற்பார். நல்ல காலுக்கு அரை மணி நேர வழி. எங்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆனது.

நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் என் மகள் ஏதாவது சொல்லிக்கொண்டு வந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கையில் இருக்கும் போனில் எல்லாம் வருகிறது. 1911ஆம் ஆண்டு காலி நகரில் ஒரு பழைய மதகில் மூடியாகக் கிடந்த கல்வெட்டைப் பற்றிச் சொன்னாள். சீனத்துக் கப்பற் தளபதி ஷெங் ஹே கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டுத் திகதி அதில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதியில் புத்தருக்கும், தமிழ்ப் பகுதியில் தெவிநுவரக் கோவிலுக்கும், பாரசீகப் பகுதியில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்லப்படுகிறது. ஷெங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். இப்போது அந்தக் கல் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது.

"மதகுல கிடந்ததா?" என்று உம்மா கேட்டார். "மேல நடந்தவங்க ஒருத்தரும் குனிஞ்சு பார்க்க இல்லையா?"

கொடிப்பாறை வந்தது. கோட்டையின் தென்மேற்கு மூலை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு நீருக்குள் மறைந்த பாறைகளைப் பற்றி இங்கிருந்துதான் அந்தக் காலத்தில் கொடி காட்டி எச்சரித்தார்களாம். காலித் துறைமுகம் பார்க்க அழகு, வந்து சேர்வது ஆபத்து. 1659ஆம் ஆண்டு ஒல்லாந்தரின் 'அவொன்ட்ஸ்டெர்' என்ற கப்பல் இந்தக் குடாவுக்குள்ளேயே மூழ்கியது. அந்தப் பெயருக்கு மாலை நட்சத்திரம் என்று பொருள். 1871ஆம் ஆண்டு 'ரங்கூன்' என்ற நீராவிக் கப்பலும் காலிக்கு வெளியே பாறையில் மோதி மூழ்கியது. 1880களில் கொழும்புத் துறைமுகம் வளரும் வரைக்கும் இங்கிலாந்திலிருந்து கிழக்கே போகும் பெரிய நீராவிக் கப்பல்கள் காலியில்தான் தரித்தன. எங்கள் ஊர் மாணிக்க வியாபாரிகள் அந்தப் பயணிகளிடம் கல் விற்றே வீடு வாசல் கட்டினார்கள். இத்தனை கப்பல் வரும் ஊருக்கு விளக்கு வேண்டாமா? 1848ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வெளிச்சவீடு ஒன்றைக் கட்டினார்கள். இலங்கையின் முதல் வெளிச்சவீடு அதுதான். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த இரும்புத் தகடுகளால் ஆனது. 1930களில் தீயில் அழிந்துபோனது. அதற்குக் கொஞ்சம் தள்ளி, கோட்டையின் தென்கிழக்கு மூலையில் உட்ரெக்ட் கொத்தளத்தின் மேல், 1939ஆம் ஆண்டு கட்டியதுதான் இப்போது நாம் பார்ப்பது. உயரம் 26.5 மீட்டர். தெவிநுவர முனையில் 1890ஆம் ஆண்டு முதல் நிற்கும் 49 மீட்டர் வெளிச்சவீட்டோடு பார்த்தால் இது சின்னப் பிள்ளை.

கொடிப்பாறையில் இளைஞர்கள் வெளிநாட்டாரிடம் காசு வாங்கிக்கொண்டு உயரத்திலிருந்து கடலில் குதிக்கிறார்கள். உம்மா கண்ணை மூடிக்கொண்டார். "அதுகளுக்கு உம்மாமார் இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சூரியன் கடலைத் தொடும்போது கிழக்கே திரும்பினோம். வெளிச்சவீடு எதிரே நின்றது. தென்னைகளுக்கு மேலே வெள்ளையாக, மேற்குப் பக்கம் மட்டும் மஞ்சள் வெயில் பட்டு.

கிட்டப் போனோம். கதவு பூட்டியிருந்தது. மகளுக்கு ஏமாற்றம். உம்மா அதன் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"நான் 1945ல பிறந்தேன். இது எனக்கு ஆறு வயது மூத்த நானா" என்றார்.

மதில் விளிம்பிலிருந்து தள்ளி, புல்லில் உட்கார்ந்தோம். என் மகள் பௌதிகவியல் படிக்கிறாள். வெளிச்சவீட்டு விளக்கின் சூட்சுமத்தை உம்மும்மாவுக்கு விளக்கினாள். ஒரு சாதாரண விளக்கின் வெளிச்சம் நாலு பக்கமும் சிதறிப் போய்விடும். பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பிரெனெல் 1820களில் ஒரு வழி கண்டார். கண்ணாடிப் பட்டகங்களை வளையம் வளையமாக அடுக்கி, சிதறும் வெளிச்சத்தை ஒரே கற்றையாகத் திருப்பினார். ஒவ்வொரு வெளிச்சவீடும் தனக்கென்று ஒரு கணக்கில் மின்னும். இத்தனை விநாடிக்கு இத்தனை தரம் என்று எண்ணிப் பார்த்தே, இது இன்ன ஊர் என்று இருட்டில் மாலுமி கண்டுகொள்வான்.

"நாங்களும் எண்ணித்தான் நித்திரை கொள்ற" என்றார் உம்மா. "மழை நாள்ல முற்றத்துக்கு மேல வெளிச்சம் ஓடும். உம்மும்மா எண்ணச் சொல்லுவா. ஆனா அது எங்களுக்கு இல்ல மகள். கூரைக்கு மேலால போய் கடல்ல விழும். தூரத்தில போறவங்களுக்குத்தான் அது. கீழ இருக்கிறவங்களுக்குக் குப்பி லாம்புதான்."

மகள் இன்னொரு கதையும் சொன்னாள். மொரோக்கோவிலிருந்து புறப்பட்ட பயணி இப்னு பதூதா 1326ஆம் ஆண்டு எகிப்தின் அலெக்சாந்திரியாவில் உலகப் புகழ்பெற்ற பழைய வெளிச்சவீட்டைப் பார்த்தார். ஒரு பக்கம் இடிந்திருந்தாலும் உள்ளே போக முடிந்தது. அதன் பிறகு நாடு நாடாகச் சுற்றி, 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, தெவிநுவரவிலிருந்து எங்கள் காலி வழியாகத்தான் கொழும்புக்குப் போனார். ஊர் திரும்பும் வழியில் 1349ஆம் ஆண்டு மறுபடி அலெக்சாந்திரியாவுக்குப் போனபோது, வாசலுக்குக்கூடப் போக ஏலாதபடி அது இடிந்து கிடந்ததாம்.

"நல்லா இருக்கக்குள்ளேயே பார்த்துட்டாரே, அது அவர்ட நஸீபு" என்றார் உம்மா.

பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எதிரே பள்ளியின் வெள்ளைச் சுவர் நீலமாகிக்கொண்டிருந்தது. எனக்கு ஏனோ கேட்க வேண்டும்போல் இருந்தது. மாதக்கணக்கில் கேட்காததை அப்போது கேட்டேன்.

"உம்மா, வீட்டை விக்கிறது உங்களுக்கு விருப்பமா?"

உம்மா உடனே பதில் சொல்லவில்லை. முந்தானையால் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நானாக்கு ரெண்டு பங்கு, பொம்பளப் பிள்ளைகளுக்கு ஒவ்வொண்டு எண்டு நீங்க கதைக்கிறது அறைக்குள்ள இருந்த எனக்குக் கேட்டது" என்றார். "நான் இன்னும் மௌத்தாகல்ல மகள்."

சகோதரிகளே, அந்த வார்த்தையைக் கேட்டபோது என் உடம்பு குளிர்ந்துவிட்டது. வாரிசுப் பங்கு ஒருவர் மௌத்தான பிறகு வருவது. இது நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உயிரோடு, சுகத்தோடு, தன் பெயரில் உறுதியோடு இருக்கும் ஓர் உம்மாவின் வீட்டை அவர் காது கேட்கவே நாங்கள் பங்கு போட்டிருந்தோம். எங்களில் யாருக்கும் அது கூச்சமாகப் படவில்லை. 'உங்கட விருப்பம்' என்று அவர் சொன்னது சம்மதமில்லை. கேட்காத பிள்ளைகளுக்கு வேறு என்ன பதிலைச் சொல்வது?

"விக்க வேணாம் எண்டு நான் சொல்ல வரல்ல" என்று உம்மா தொடர்ந்தார். "உனக்குக் கடன் எண்டு எனக்குத் தெரியும். எங்கிட்ட கேட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேன். இந்தப் பள்ளிட பாங்கு கேட்டுக்கொண்டு மௌத்தாகணும் எண்டு ஒரு ஆசை. தெஹிவளைல நானாட பொஞ்சாதி என்னைத் தங்கமாத்தான் பார்க்குறா. குறை சொல்லக் கூடாது. ஆனா அங்க எனக்கு ஜன்னல் இல்ல."

அந்த நேரத்தில் பாங்கு சொன்னது. வெளிச்சவீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு தெருதான். பாங்கின் சத்தம் எங்கள் மேலால் கடலுக்குப் போனது. நாங்கள் எழும்பும்போது மகள் என் கையைத் தட்டி மேலே காட்டினாள். விளக்கு எரிந்துவிட்டது. நாங்கள் நின்ற இடம் இருட்டு. வெளிச்சம் வெகு உயரத்தில் போய்க்கொண்டிருந்தது.

விளக்கடியில் இருட்டு என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நான் அதை மற்றவர்களுக்குச் சொன்னதுண்டு. அன்றுதான் அது எனக்கு ஒட்டியது. மாவனல்லையில் அயல் வீட்டுப் பெண்களுக்கு ஒரு துன்பம் என்றால் முதலில் ஓடுபவள் நான். கலியாணம் பேசும் வீட்டில் 'பிள்ளையின் சம்மதத்தைக் கேளுங்கள்' என்று புத்தி சொல்பவளும் நான். என் உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கு ஆறு மாதமும் ஒரு கோட்டை மதிலும் தேவைப்பட்டன.

அன்று இரவு நானாவுக்குப் போன் பண்ணினேன். முதலில் சத்தம் போட்டார். முற்பணம் வாங்கியாகிவிட்டதே, என்ன விளையாட்டு இது என்றார். உம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையை அப்படியே சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. காலையில் நானா வந்தார். நொத்தாரிசுவிடம் போகவில்லை. உம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதார். தங்கச்சி மட்டும் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

வாங்க வந்தவர் நல்ல மனிதர். முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க இரண்டு மாதத் தவணை தந்தார். என் பங்கைக் கொடுக்க என் காப்புகளை அடகு வைத்தேன். அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன. கடைக் கடனும் முழுக்க முடியவில்லை. கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டின் முன்பக்கத்தை ஓர் இளம் தம்பதிக்குத் தேநீர்க் கடை நடத்த வாடகைக்குக் கொடுத்தோம். பின்பக்கத்தில், முற்றத்தை ஒட்டிய அறைகளில், கணவரை இழந்து தனித்திருந்த என் சாச்சியின் மகளோடு உம்மா இருக்கிறார். வாடகை உம்மாவின் கைக்குத்தான் போகிறது. முதல் மாத வாடகையில் ஒரு பகுதியை எனக்கு அனுப்பினார். "இது பங்கில்லை, நான் தாற" என்று சொல்லியனுப்பினார். வெட்கத்தோடு வாங்கிக்கொண்டேன்.

நீங்களும் அந்த நடையைப் போக வேண்டும் என்பது என் ஆசை. அதற்குச் சில யோசனைகள். அஸருக்குப் பிறகு மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து தொடங்குங்கள். வெயில் தணிந்திருக்கும், சூரியன் மறையும்போது கொடிப்பாறைக்கு வந்துவிடுவீர்கள். டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் கடல் அமைதி. வழுக்காத செருப்புப் போடுங்கள். மதிலின் பெரும்பகுதியில் கைப்பிடி இல்லை. ஆகவே சின்னப் பிள்ளைகளின் கையை விட வேண்டாம், படம் எடுப்பதற்காக விளிம்புக்குப் போக வேண்டாம். தண்ணீரும் ஒரு பாயும் எடுத்துப் போங்கள்.

முக்கியமாக, வீட்டில் வயதான உம்மாவோ மாமியோ இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். இந்த முறை கூடைக்குக் காவலாக அவரை உட்கார வைக்காதீர்கள். கூடையை மகனிடம் கொடுங்கள். மெதுவாக நடங்கள், நிற்கும் இடத்தில் நில்லுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். உங்களுக்குக் கோட்டை தூரம் என்றால் அயலில் உள்ள குளக்கட்டு போதும், வயல் வரம்பு போதும். வீட்டு விடயம் எதையும் முடிவெடுத்த பிறகு அவரிடம் சொல்வதை விட்டு, முடிவெடுக்க முன் கேட்டுப் பாருங்கள். 'உங்கட விருப்பம்' என்று பதில் வந்தால் இன்னொரு தடவை கேளுங்கள்.

இப்போது ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குக் கொஞ்சம் பிந்தி என் போன் அடிக்கும். நான் குசினியில் நிற்பேன். ஒரு நிமிடத்துக்கு மேல் உம்மா பேச மாட்டார், காசு போகும் என்று பயம். சாப்பிட்டாயா, பிள்ளை படிக்கிறாளா என்று கேட்பார். வைப்பதற்கு முன் தவறாமல் ஒன்று சொல்வார்.

"எரிஞ்சிட்டு மகள்."